யாருடைய நாழிகை?

கணக்கெழுதிப் பிழைப்பது நமது தொழில். விடியற்காலையில் பெரட்டு முடிந்தவுடன் இன்னார் இன்ன வேலைக்குச் சென்றார் என்று செக்ரோலில் பதிகிறோம். மாலையில் இத்தனை செம்பனைக் குலைகள் வந்தன, இத்தனை டன் எடை நின்றது என்று கூட்டி எழுதுகிறோம். இத்தொழிலில் பல குற்றங்கள் மன்னிக்கப்படும். கூட்டலில் தவறினால் திருத்திக்கொள்ளலாம். நேரங்கழித்து வந்தால் கடிந்து பேசி விட்டுவிடுவார்கள். ஆனால் களை வெட்டச் சென்றவனை உரம் போட்டான் என்று அறிந்தே எழுதினால் அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஏட்டில் ஒன்றும் காட்டில் ஒன்றுமாக இருக்கலாகாது என்பதே கிராணி உத்தியோகத்தின் முதற்பாடம்.

இந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, சில வாரங்களுக்கு முன் தமிழ்ப் பள்ளியொன்றில் நாம் கண்ட சிறு காட்சி இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. பள்ளி மலாக்கா மாநிலத்தின் உட்பகுதியில் உள்ளது, பெயர் வேண்டாம். வேறொரு காரியமாகச் சென்றிருந்த நாம் நான்காம் ஆண்டு வகுப்பின் வாயிலில் காத்திருந்தோம். சுவரில் பாட அட்டவணை அழகாக ஒட்டப்பட்டிருந்தது. அன்றைய தினம் பத்தரை மணிக்கு நேரே இசைக் கல்வி என்று எழுதி, பக்கத்தில் ஒரு வீணையும் வரைந்திருந்தார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் குனிந்து மலாய்ப் பயிற்சி நூலை எடுத்து மேசைமேல் வைத்தனர். எடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை; ஆசிரியர் இன்னும் உள்ளே வரவே இல்லை. அட்டவணை என்பது சுவரில் ஒட்டுவதற்கு என்றும், நடப்பது வேறு என்றும் அந்தப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு சிறுவனின் பைக்குள் ரெக்கார்டர் என்னும் குழல் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. அதை வாங்க அவன் தாய் எத்தனை மணி நேரம் உதிரிப்பழம் பொறுக்கினாளோ, அறியோம்.

இசைக்கு நேர்ந்ததே சித்திரத்துக்கும் உடற்பயிற்சிக்கும் வாசகசாலை நேரத்துக்கும் பல இடங்களில் நேர்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் என்று கூறினால் அது அபாண்டமாகும். மலாக்கா மாநிலத்தில் உள்ள 21 தமிழ்ப் பள்ளிகளுள் பாட்டும் பந்தும் தழைக்கும் பள்ளிகளையும் நாம் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். எனினும், ஒரு பிள்ளைக்கு உரிய நேரத்தை அப்பிள்ளையின் நன்மைக்காகவே பெரியவர்கள் எடுத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி பள்ளிக்கூட நிர்வாகத்தைச் சேர்ந்ததன்று, ஒழுக்கத்தைச் சேர்ந்தது. ஆதலின் இவ்விதழின் வாசகர்கள் முன் அதை வைக்கத் துணிந்தோம்.

முதலில் இந்நேரங்கள் நம் பிள்ளைகளுக்கு எப்படி வந்தன என்பதைச் சிறிது நினைவூட்டுவோம். 1896-ம் ஆண்டில் டான் சே யான் என்பவர் இதே மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாய் நாட்டில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டதில் அதுவே முதல். அந்த மரங்களின் பின்னே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பலேறினர். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் வசிக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பாடசாலை நடத்த வேண்டும் என்று விதித்தது. சட்டம் விதித்தது, தோட்டங்கள் கொட்டகை போட்டன. பல இடங்களில் கங்காணியோ, நம்மைப் போன்றதொரு கிராணியோ, சொந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில் வாத்தியாராக உட்கார்ந்தார். எழுத்துக்கூட்டவும் சம்பளச் சீட்டைப் பார்க்கவும் தெரிந்தால் போதும் என்பதே அக்கல்வியின் அளவு. பால்மரம் சீவப்போகும் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு, சங்கீதம் எதற்கு என்று கேட்டவர் துரைமார் மட்டுமல்லர். நம்மவரும் கேட்டனர்.

பிறகு காலம் மாறிற்று. 1983-ம் ஆண்டில் நாடு முழுதும் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் வந்தபோது இசையும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டது. கோலாலம்பூரில் படிக்கும் பிள்ளைக்கு எதுவோ, தேபோங்கிலும் மெர்லிமாவிலும் படிக்கும் பிள்ளைக்கும் அதுவே என்றாயிற்று. இதன் பொருளை நாம் போதிய அளவு உணரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கும் காது உண்டு, கண் உண்டு, கால் உண்டு, அவற்றுக்கும் கல்வி வேண்டும் என்று அரசாங்கமே காகிதத்தில் ஒப்புக்கொண்டது. கொட்டகைக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு இல்லையென்றவர் பிறர். இன்று கைக்கு வந்ததை வேண்டாமென்று திருப்பிக் கொடுப்பவர் நாமே.

நாமே என்று கூறியது வெறும் பேச்சன்று. 2018-ம் ஆண்டில் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நாம் செயலாளராக இருந்தோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களின் இசை, சித்திரம், உடற்பயிற்சி நேரங்களைத் தேர்வுப் பாடங்களுக்கு ஒதுக்கித் தருமாறு பள்ளியைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்று அங்கே நிறைவேறிற்று. அதை எழுதிய கை இந்தக் கை. தமிழ் நடை நன்றாயிருக்கிறதென்று பாராட்டும் பெற்றோம். ஓர் ஆசிரியை மட்டும், பிள்ளைகள் வாரத்தில் ஒருநாளாவது ஓடட்டுமே என்று மெல்லக் கூறினார். அவர் சொல்லைக் குறிப்பேட்டில் நாம் பதியவில்லை.

அன்று நாம் ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் நியாயமாகக் கூறிவிட வேண்டும். 1988-ம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டின் இறுதியில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்து வந்தது. அதில் மலாய் மொழியில் தேறாத தமிழ்ப் பள்ளிப் பிள்ளை இடைநிலைப் பள்ளியில் நேரே முதலாம் படிவம் செல்ல இயலாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டும். அந்த ஓராண்டில் தோழர் முந்திவிடுவர், மனம் சோரும், பலர் பள்ளியையே விட்டனர். இதைக் கண்ணால் கண்ட ஆசிரியர், பாட்டு நேரத்தை மலாய்ப் பாடத்துக்கு எடுத்தால் அவரைக் கொடியவர் என்று எப்படிச் சொல்வது? முழுகும் பிள்ளையை மயிரைப் பிடித்தேனும் இழுப்பவன் அதன் தலை வாரப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இந்த நியாயம் வலிமையானதே. ஆனால் அது ஆபத்துக் காலத்து நியாயம். 2021-ம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பின்னும் நாம் கண்ட வகுப்பில் பத்தரை மணிக்குப் பயிற்சி நூலே மேசைக்கு வந்தது. கடன் தீர்ந்தபின்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் போல் இருக்கிறோம். அன்றியும், ஆபத்துக் காலத்திலேகூட ஒன்றை யோசித்திருக்க வேண்டும். மலாய்ப் பாடத்துக்கு நேரம் போதவில்லையென்றால் பிள்ளையின் எந்த நேரத்தை எடுப்பது என்பதைப் பெரியவர்கள் மட்டுமே முடிவு செய்தோம். எடுத்ததெல்லாம் பிள்ளை விரும்பிய நேரம். நாம் விரும்பிய நேரம் ஒன்றும் குறையவில்லை. சங்கத்துத் தேநீர் விருந்து நிற்கவில்லை. பரிசளிப்பு விழாவில் பிரமுகர் பேசும் ஒன்றரை மணி நேரமும் சுருங்கவில்லை.

இசைக்கும் ஆட்டத்துக்கும் பரிந்து பேசும் நண்பர் சிலர், இசை கற்றால் கணக்கு நன்றாக வரும், ஓடியாடினால் ஞாபகசக்தி வளரும் என்று வாதாடுகின்றனர். உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த ஆயுதத்தை நாம் எடுக்கப் போவதில்லை. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில், படித்த பெண் புருஷனுக்குக் கடிதம் எழுதவும் வரவுசெலவு பார்க்கவும் உதவுவாள் என்று பதில் சொன்னவர் உண்டு. அந்தப் பதில் பள்ளிக் கதவைத் திறந்தது மெய். ஆனால் பெண்ணை அவளுக்காக அன்றிப் புருஷனுடைய உதவிக்காரியாகவே உள்ளே விட்டது. கணக்குக்கு உதவும் என்று சொல்லிப் பாட்டை வகுப்பில் ஏற்றினால், கணக்கு வராத பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்ற கேள்வி நாளையே பிறக்கும்.

கிரேக்க ஞானி பிளாட்டோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இசையையும் உடற்பயிற்சியையும் கல்வியின் இரு கால்களாக வைத்தார். உடற்பயிற்சியுங்கூட முதன்மையாக உயிருக்காகவே என்று கூறினார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அவர் அக்கல்வியை வகுத்தது நகரைக் காக்கும் வகுப்பாருக்கு. செருப்புத் தைப்பவனுக்கும் நிலம் உழுபவனுக்கும் என்ன இசை என்பதைப்பற்றி அவர் விரித்துரைக்கவில்லை. பெரியோர் நூல்களைப் படிக்கும்போது இந்தப் பட்டியலில் நாம் எங்கே என்று தேடிப் பார்ப்பது நல்லது.

பட்டியல் இன்றும் இருக்கிறது; அதைப் பணம் எழுதுகிறது. நாம் படித்தது தமிழ்ப் பள்ளியிலன்று. தாய்மாமன் தயவால் நகரத்தில் ஆங்கிலவழித் தனியார் பள்ளியொன்றில் படித்தோம். தமிழைப் பின்னாளில் பத்திரிகைகளைப் படித்தே செம்மைப்படுத்திக்கொண்டோம், பிழையிருந்தால் பொறுத்தருள்க. அந்தப் பள்ளியில் பியானோ வைத்த அறை இருந்தது. நூல்கள் திறந்த அலமாரிகளில் இருந்தன. திடலில் புல் இருந்தது. தேர்வு அங்கேயும் உண்டு. ஆயினும் எந்த ஆசிரியரும் எங்கள் பாட்டு நேரத்தை எடுக்கவில்லை. கட்டணம் கட்டிய பெற்றோர் கேள்வி கேட்பார்கள். கட்டணத்தில் பாட்டும் அடக்கம். வசதியுள்ள பிள்ளைக்குப் பள்ளி பாட்டுச் சொல்லித்தராவிட்டால் வீட்டார் ஆசிரியரை அமர்த்துவர், நீந்தக் குளமுண்டு, நூல் வாங்கக் கடையுண்டு. செம்பனைக் காட்டின் நடுவிலும் நகரத்து மலிவு அடுக்குமாடியிலும் வளரும் பிள்ளைக்கு அந்த வாரத்து அரை மணி நேரத்தை விட்டால் வேறு கதி இல்லை. கணக்குக்குச் சாயங்கால வகுப்பு எங்கும் நடக்கிறது. குழலுக்கு எங்கே நடக்கிறது? உபரி என்று நாம் ஒதுக்குவதே ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியன்றி வேறெவரும் தரமுடியாத பொருள்.

இனி, சுயமரியாதை விரும்பும் நண்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. நம் சமூகத்தில் ஓசைக்கும் சாதி வைத்தார்கள். நாகசுரம் ஒரு குலத்தின் வாயில். பறை ஒரு குலத்தின் தோளில். சபையில் அமர்ந்து பாடும் பாட்டு வேறொரு குலத்தின் நாவில். 1943-ம் ஆண்டில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, மேடையில் எந்த மொழியில் பாடுவது என்ற வழக்கு பலமாக நடந்தது. எந்தக் கை எந்தக் கருவியைத் தொடலாம் என்ற வழக்கு அத்தனை பலமாக நடக்கவில்லை. கடல் கடந்தும் அந்தக் கட்டுப்பாடு நம்மோடு வந்தது. சாவு வீட்டில் பறையடித்தவர் மகனே பறையடித்தான்; மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தனர்; தொட்டால் தாய் அடித்தாள். இன்று தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இளைஞரும் பெண்களும் பறையை மேடையேற்றி முழக்குவது கண்டு நாம் பெருமைப்படுகிறோம். அவர்கள் வளர்ந்தபின் கூச்சத்தை உதறிக் கற்றவர்கள். அந்தக் கூச்சம் ஏறுவதற்கு முன்னே, எட்டு வயதில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே கருவியை ஒரே நேரத்தில் கையிலெடுக்கும் இடம் பள்ளியின் இசை வகுப்பு ஒன்றே. அரசாங்கம் கொடுத்த ரெக்கார்டர் நம் நாட்டுக் குழலன்று என்று குறை கூறுவாரும் உளர். இருக்கட்டும். பிளாஸ்டிக்குக்குக் குலமில்லை, அந்த ஒரு குணத்துக்காகவே அதை நாம் வரவேற்கிறோம்.

உடற்பயிற்சியில் இதே கதையைப் பெண் பிள்ளைகளிடம் காணலாம். வெயிலில் கறுத்துவிடுவாள், வயது வந்த பிள்ளை காற்சட்டையோடு ஓடலாமா என்று தாய்மார் சீட்டெழுதி அனுப்புகின்றனர். ஆண் பிள்ளைக்கோ, ஓட்டம் சோறு போடுமா என்ற கேள்வி. மா. ஜெகதீசன் 1966-ம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்றார். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017-ல்தான், மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹபீஸ் என்னும் இளைஞரால் முறியடிக்கப்பட்டது. ஜெகதீசன் மருத்துவருமானார். ஓட்டமும் படிப்பும் ஒரே உடம்பில் குடியிருக்க மாட்டா என்று எண்ணுவோர்க்கு இஃது ஒன்று போதும். எனினும் பதக்கம் பெறாத கால்களுக்காகவே நாம் அதிகம் பேச விரும்புகிறோம். நாற்பது வயதில் சர்க்கரை வியாதியோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் நம்மவர் தொகையை எண்ணினால், எட்டு வயதில் எடுத்த அந்த நேரத்தின் விலை ஒருவாறு தெரியவரும்.

வாசகசாலையின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே நேரமும் போகிறது, நூலும் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. நாம் அறிந்த ஓர் அறையில் கண்ணாடி அலமாரி பூட்டியிருக்கும், சாவி அலுவலகத்தில், நூல்கள் புத்தம் புதியவை. கேட்டால், பிள்ளைகள் கிழித்துவிடுவர் என்பர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-ம் ஆண்டில் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து நூலாக வெளியிட்டார். நூல் இருப்பது புழங்குவதற்கே, காப்பதற்கன்று என்பதே அவற்றுள் முதல் விதியின் கருத்து. ஐரோப்பாவில் முற்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். சங்கிலி போய்ச் சாவி வந்திருக்கிறது. பிள்ளைகள் எத்தனை நூல் படித்தார்கள் என்று பதியும் வழக்கமும் நீலாம் என்ற பெயரால் பல ஆண்டுகளாக இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பார்த்தெழுதி, பின்னட்டையில் உள்ள நான்கு வரியைச் சுருக்கமென்று நிரப்பும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். களை வெட்டியவனை உரம் போட்டான் என்று எழுதும் வித்தையை நாம் பத்து வயதிலேயே பழக்குகிறோம்.

சித்திரத்தைப்பற்றி வாதம் வேண்டாம். ஒரு சம்பவம் போதும். குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், மூன்றாம் ஆண்டில் படிப்பவள், தந்தைக்காக நம் அலுவலகப் படியில் காத்திருப்பாள். ஒருநாள் பழைய செக்ரோல் தாளின் பின்புறத்தையும் ஒரு பென்சிலையும் கொடுத்தோம். அரை மணி கழித்துத் தாளைத் திருப்பித் தந்தாள். எடை போடும் இடத்தை வரைந்திருந்தாள். லாரி சிறியது, மரங்கள் சிறியவை, வரிசையில் நிற்கும் ஆட்கள் அதனினும் சிறியவர். நாம் உட்கார்ந்து எழுதும் மேசை மட்டும் தாளில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னே நம் தலை ஒரு புள்ளி. ஒன்பது ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். அதன் அளவு நமக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வாங்குகிறாள் என்று நாம் கேட்கவில்லை.

தமிழ்ப் பள்ளியில் தமிழ் வாழ்ந்தால் போதும், மற்றவை பிறகு என்று சொல்லும் மொழிப் பற்றாளர்களை மலாக்கா நகரத்துக் காஜா பெராங்குக்கு அழைக்கிறோம். அங்கே வாழும் மலாக்காச் செட்டிமார் நம்மில் எவருக்கும் முன்னே இம்மண்ணுக்கு வந்தவர்கள். 1781-ம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. வீட்டில் பேசுவது மலாய்; தமிழ் அவர்கள் நாவை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. அவர்கள் மொழியை இழந்தது இழப்பே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோயில் சடங்கும், சமையலும், நோன்பும், பொங்கலும் கையிலும் காலிலும் நின்றன. மலாய்க்காரரோடும் பாபா நியோன்யாக்களோடும் போர்த்துகீசிய வம்சத்தாரோடும் சேர்ந்து அவர்கள் பாடும் டொண்டாங் சாயாங் என்னும் எதிர்ப்பாட்டை 2018-ம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. வயலினும் ரெபானா மேளமும் முழங்க ஒருவர் பாட மற்றவர் மறுமொழி பாடுவது அதன் முறை. சொல்லின் வழியே மட்டும் ஒரு சமூகம் தன்னைக் கைமாற்றுவதில்லை என்பதற்கு நம் பக்கத்துத் தெருவே சாட்சி. மலாக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருவன் டொண்டாங் சாயாங்கை ஒருமுறைகூடக் கேளாமல் ஆறாம் ஆண்டைக் கடந்துவிடுகிறான் என்றால், அவனுக்கு அண்டை வீட்டாரின் குரலையும் நாம் மறுத்தவராகிறோம். முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இசையும் நாடகமும் போக மிஞ்சிய ஒன்றுக்கு மட்டும் பள்ளியில் நாற்காலி போடுகிறோம்.

ஆசிரியர் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். இசை பயின்ற ஆசிரியர் சிறு பள்ளிகளுக்குக் கிடைப்பது அரிது. எனக்கே பாட வராது, நான் எதைச் சொல்லித்தருவேன் என்று ஒரு நண்பர் நம்மிடம் வருந்தினார். அவருக்கு நாம் கூறியது: ஊரில் தவில் அடிப்பவர் இருக்கிறார், ரப்பர்க் காலத்தில் தெம்மாங்கு பாடிய கிழவி இருக்கிறாள், தலைமையாசிரியரின் அனுமதியோடு மாதத்தில் ஒருநாள் அவர்களை அழைத்து நாற்காலியில் உட்காரவைக்கலாம். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. நண்பர் யோசிக்கிறேன் என்றார்.

நிற்க. அந்தச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் வரும் மாதம் கூடுகிறது. நாம் இப்போது செயலாளரல்லர், சாதாரண அங்கத்தினர். 2018-ம் ஆண்டுத் தீர்மானம் இதுவரை முறைப்படி ரத்துச் செய்யப்படாததால், ஏட்டளவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை ரத்துச் செய்யவும், நூல் அலமாரியின் சாவியை வகுப்பாசிரியர்களிடம் ஒப்புவிக்கவும், அன்று அந்த ஆசிரியை கூறியதைக் குறிப்பேட்டில் ஏற்றவும் கோரி ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். முன்மொழிபவர் நாம். சட்டப்படி வழிமொழிய ஒருவர் வேண்டும். லயத்தில் நான்கு வீடுகளிலும் நகரத்தில் மூன்று வீடுகளிலும் கேட்டுவிட்டோம். எல்லோரும் நல்ல விஷயம் என்றார்கள். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார்கள். இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.